கீழ்க்குழாய்

ஊருக்குள் ஒன்றுமில்லை.
டிலிஜான் கடைத்தெருவைப் பத்து முறை சுற்றினாலும்
முள் எண்பதில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.
செவான் மலைச்சாலையில் ஏழாவது வளைவில்,
மணப்பெண் உதட்டுச்சாயம் சரிபார்க்கும் நேரமாகப் பார்த்து
நூறைத் தாண்டும்.

வெள்ளை வோல்கா, அறுபதாம் வருடத்து வண்டி.
முகப்பில் பாய்கிற மான்,
மானின் கழுத்தில் நான் கட்டிய ரிப்பன்.
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம்
நானும் ஹ்ராச்சிக்கும்.
விவாகரத்தாகி நாலு வருடம்.
வீட்டைப் பிரிக்க முடிந்தது, பாத்திரங்களை,
பூனையைக்கூட மாதம் மாற்றி மாதம்.
வண்டியை மட்டும் யாரும் பாதியாக அறுத்துத் தரவில்லை.
நான் ஓட்டுகிறேன். அவன் பழுது பார்க்கிறான்.

"சூடாகிறது" என்றேன்.
"இரண்டாம் கியரில் போட்டு இழுக்கிறாய்" என்றான்.
பதினோரு வருடம் கேட்ட அதே குரல்.

போன சனிக்கிழமை அருஸ்யாக் என்ற பெண்
பாலாடை நிறப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி
சாலையோரச் சரளையில் நின்றாள்.
பானெட்டுக்குள்ளிருந்து ஆவி.
அந்த உயரத்தில் தண்ணீருக்குப் பொறுமை குறைவு,
தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடும்.
அவளுடைய மாமனார் விருந்துக்கு வாங்கிய சோடாவை
ரேடியேட்டருக்கு ஊற்ற வந்தார்.
கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஹ்ராச்சிக் கையைக் கறையாக்கினான்.
மூடியை மாற்றினான்.
பிரிவினையில் எனக்கு வந்த பாத்திரத்தைக் கடன் கேட்டு
தெர்மோஸ்டாட்டை அதில் போட்டுக் கொதிக்க வைத்தான்.
எழுபதில் வாய் திறந்தது, குற்றமில்லை.
ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கழுவினான்,
கடுந்தேநீர் போல மூன்று வாளி துரு.
நெருப்புப் பொறியின் நேரத்தை இரண்டு டிகிரி முன்னால் தள்ளினான்.
பம்ப்பைத் திறந்தான், மூடினான்.
முள்ளே பொய் சொல்கிறதோ என்று
அதையும் வெந்நீரில் முக்கி விசாரித்தான்.
ஒவ்வொரு முறையும் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி
"பார், எண்பது" என்பான்.

படுத்திருப்பவனுக்கு மூச்சு வாங்குமா?

செவ்வாய் மாலை.
நான் இருக்கையில், அவன் பானெட்டுக்கு அடியில்.
"கொஞ்சம் மிதி" என்றான்.
கொஞ்சம் என்ற சொல்லில் எனக்கு என்னவோ பட்டது.
அடிமட்டம்வரை மிதித்தேன்.
எஞ்சின் அலறியது, கூரையிலிருந்த புறாக்கள் போயின.

"எடுக்காதே!"
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு, "இங்கே வந்து பார்."
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
ஒரு ரப்பர் குழாய், கொழுகொழுவென்று.
"என்ன இருக்கிறது?"
"நீ காலை எடுத்துவிட்டாய்."

அவன் போய் மிதித்தான். நான் குனிந்தேன்.
சத்தம் ஏற ஏற, ரேடியேட்டருக்குக் கீழே,
எலும்பில் மஜ்ஜை உறிஞ்சுகிறவனின் கன்னம் போல
குழாய் உள்ளே ஒட்டிக்கொண்டே போனது.
கடைசியில் ஒரு தாள் செருக இடமில்லை.
பம்ப் தாகத்தில் இழுக்கிறது,
இழுக்கும் வேகமே தொண்டையை அடைக்கிறது.
காலை எடுத்தான்.
குழாய் ஊதிக்கொண்டது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

அறுத்துப் பார்த்தோம்.
சுவரைத் தாங்க உள்ளே இருந்திருக்க வேண்டிய கம்பிச்சுருள்
அரைக் கைப்பிடித் துருவாகக் கிடந்தது.
"இரண்டாம் கியரா?" என்று கேட்கலாம் என்று நினைத்தேன்.
கேட்டேன்.
அவன் துருவை ஊதித் தள்ளினான்.

எஃகுக் கம்பியை ஒரு குழல்மேல் சுற்றிப் புதுச் சுருள் செய்தான்,
புதுக் குழாய்க்குள் திருகி ஏற்றினான்.
ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக
முன்னிருக்கையில் என் பக்கத்தில் வந்தான்.
அவன் முள்ளைப் பார்த்தான், நான் சாலையை.
ஏழாவது வளைவு.
"எண்பத்து நாலு."
"தெரிகிறது."

பத்தாவது வளைவில் மணப்பெண்ணுக்குக் குமட்டியது.
நிறுத்தினோம்.
மாப்பிள்ளை கைக்குட்டை தேடி ஓடினான்,
யாரோ சிரித்தார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள்.
ஹ்ராச்சிக் பழக்க தோஷத்தில் இறங்கி
பானெட்டைத் திறந்து குனிந்தான்.
அவன் கேட்கவில்லை.
நான் மிதித்தேன்.